இல்லாத எட்டு

தணிக்கைக் கடிதம் வந்த அன்று
ஆலையில் கிழங்கு வரத்து ஏகம்.
அயோத்தியாப்பட்டணம் ரோட்டில்
லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நின்றன.
எனக்கு மட்டும் வேறு சரக்கு:
இங்கே எத்தனை கம்ப்யூட்டர்,
எத்தனை சாஃப்ட்வேர் உரிமம்,
மார்ச் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

மேசையில் இருப்பதை எண்ணுவது சுலபம்.
கால் இருந்தால் போதும்.
அக்கவுண்ட்ஸில் பதினொன்று.
லேபில் நான்கு, ஒன்றில் மாவு படிந்து
என்டர் அமுங்காது.
ஸ்டோரில் இரண்டு. அதில் ஒன்றின் மேல் பேரேடு,
பேரேட்டின் மேல் யாருடையதோ டிபன் பாக்ஸ்.
இறக்கித் துடைத்து உயிர் கொடுத்தேன்.
பூங்காவனம் என்று பெயர் காட்டி
கடவுச்சொல் கேட்டது.
அவர் போய் இரண்டு தீபாவளி ஆகிறது,
நாமக்கல்லில் ஃபேன்சி கடை என்று கேள்வி.
அவர் பேருக்கு வருடா வருடம்
பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்,
பொறந்த வீட்டுச் சீர் மாதிரி.

சர்வர் அப்படியில்லை.
மாடிப்படிக்கு அடியில்
ஆலையிலேயே ஏசி போட்ட இரண்டாவது அறை.
எலக்ட்ரீஷியன்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்.
ஒரே பெட்டி. ஒன்று என்று எழுதினேன்.
கோவையிலிருந்து வந்த அருளானந்து
காபியை ஆற்றியபடியே சிரித்தார்:
‘டெஸ்க்டாப்புக்குத் தலையை எண்ணணும் மேடம்.
சர்வருக்கு மூளையை.’
‘மூளை எட்டு கோர்.’
‘குறைஞ்சது பதினாறுக்கு வாங்கணும்.’
‘மீதி எட்டு எங்கே இருக்கு?’
‘இல்லை மேடம். ரூல்.’

அது போக,
சர்வரின் கதவைத் தட்டுகிறவர்களுக்குத் தனி உரிமம்.
ஆளுக்கு ஒன்றா, கருவிக்கு ஒன்றா?
யோசித்துப் போடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம் என்று
காபியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி ஓர் ஆள், கருவி மூன்று.
ஆலையில் ஒன்று, கையில் போன்,
ஏற்காட்டு பங்களாவில் லேப்டாப்.
சனிக்கிழமை அங்கே
எதிர் மரம் தெரியாத பனியில் உட்கார்ந்து
ஸ்டார்ச் விலை பார்ப்பார்.
ஆளுக்கு ஒன்று.

எடைமேடைக்குக் கருவி ஒன்று.
ஆள்?
‘ஒருத்தர்தான், மாதையன்’ என்றது
பெர்சனல் டிபார்ட்மென்ட், பதிவேட்டைப் புரட்டி.

இரவு பத்தரைக்குப் போனேன்.
திரையில் மாதையன் இருந்தார்.
நாற்காலியில் இல்லை.
காதைச் சுற்றித் துண்டு கட்டிய ஒரு பையன்
ஒற்றை விரலால் வண்டி நம்பர் அடித்துக்கொண்டிருந்தான்.
ஜன்னல் சட்டத்தில் சாக்பீஸில் கடவுச்சொல்.
‘நீங்க?’
‘கான்ட்ராக்ட்.’
விடிகாலை ஷிஃப்டுக்கு இன்னொருவர் வருவாராம்.
அவரும் மாதையன்தானாம்.

லாரி ஏறியதும் கண்ணாடி அதிர்ந்தது.
பதினெட்டு டன் சொச்சம்.
அவன் சீட்டைக் கிழித்து நீட்டினான்,
மாதையன் பெயர் அச்சான சீட்டு.

ஆள் கணக்கில் போட்டால் மூன்று உரிமம்.
கருவிக் கணக்கில் ஒன்று.
யார் உட்கார்ந்தாலும் கேள்வி வராது.
கருவி என்று குறித்தேன்.
மறுநாள் முதலாளி
‘கெட்டிக்காரிதான்’ என்றார்,
எத்தனை மிச்சம் என்று கேட்டுக் கால்குலேட்டரைத் தட்டி.

அன்று ராத்திரி கிளம்பும்போது
பேர் கேட்டேன்.
ஹாரனில் காதில் விழவில்லை.
மறுபடி கேட்டேன்,
எதற்கு என்பது போலப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

எழுத என் பட்டியலில் கட்டமில்லை.
இல்லாத எட்டுக்கு இருக்கிறது,
ஏழாவது வரிசையில்.
பணமும் கட்டியாயிற்று.